டிஎன்ஏ எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

எங்கள் ஒழுங்கையில் சில வருடங்களுக்கு முன் ஒரு வெட்டு நடந்தது. இரவு பத்து மணி இருக்கும். காணி எல்லைத் தகராறு, கொஞ்சம் சாராயம், அப்புறம் ஒரு கத்தி. காயப்பட்டவரை மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். விடியக் காலையில் நான் போனபோது அவருடைய தாய் திண்ணையைக் கழுவி முடித்திருந்தார். வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது. "இரத்தத்தை அப்பிடியே கிடக்க விடலாமோ தம்பி?" என்றார். மகனின் சேட்டையும், வேலியடியில் கிடந்த யாருடையதோ ஒரு சாரத்தையும் ஒன்றாகச் சுருட்டி, சொப்பின் பைக்குள் போட்டு இறுக்கி முடிந்து வைத்திருந்தார். பொலிஸில் கொடுக்க வேண்டும் என்றுதான் அவ்வளவு பத்திரம்.

அந்தப் பையை எடுத்துப்போக ஆள் வந்தது மூன்றாம் நாள். அவிழ்த்தபோது வந்த வெடுக்கு எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஈரத் துணி, வன்னி வெயில், காற்றுப் போகாத பை. சாரம் முழுக்கப் பூஞ்சணம். வெட்டியது யார் என்று நிரூபிக்க முடியாமலே வழக்கு முடிந்து போனது.

அந்தத் தாய் செய்தது பிழை என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. டிஎன்ஏ என்ற சொல்லைப் பத்திரிகையில் தினமும் பார்க்கிறோம். அது என்ன, அது எதை நிரூபிக்கும், எதை நிரூபிக்காது, எங்கள் கையில் அது எப்படிப் பழுதாகும் என்பதை மட்டும் யாரும் ஆறுதலாக உட்கார்ந்து சொல்வதில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வேலியும் கதியாலும்

சாதாரண தரத்தில் விஞ்ஞானம் படித்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். உடம்பு கலங்களால் ஆனது. அநேகமாக ஒவ்வொரு கலத்துக்குள்ளும் ஒரு கரு. கருவுக்குள் 46 நிறமூர்த்தங்கள்; 23 தாய் தந்தது, 23 தகப்பன் தந்தது. அவற்றுக்குள் சுருண்டு கிடக்கும் நீண்ட இழைதான் டிஎன்ஏ. நான்கே நான்கு எழுத்துகளைத் திரும்பத் திரும்ப வைத்து எழுதிய ஏடு என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவரிடமிருந்து வரும் பங்கில் மட்டும் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் இருக்கின்றன.

அதில் ஆயிரத்துக்கு 999 எழுத்து எனக்கும் உங்களுக்கும் ஒன்றுதான். எங்களுக்கும் எங்களை அடித்தவனுக்கும் கூட ஒன்றுதான். மிச்சமிருக்கிற அந்தக் கொஞ்சத்தில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். ஆய்வுகூடம் 300 கோடி எழுத்தையும் வாசிப்பதில்லை. வித்தியாசம் அதிகம் வருகிற சில இடங்களை மட்டும் பார்க்கிறது.

அந்த இடங்களில் என்ன இருக்கிறது? ஒரு சின்னத் துண்டு, பெரும்பாலும் நான்கு எழுத்து, பக்கத்தில் பக்கத்தில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். ஒருவருக்கு எட்டுத் தடவை வரும், இன்னொருவருக்குப் பதின்மூன்று தடவை. எங்கள் பக்கத்து வேலியை நினைத்தால் இது உடனே விளங்கும். படலையில் இருந்து முதல் மூலை வரைக்கும் எத்தனை கதியால் என்று எண்ணுங்கள். உங்கள் வளவில் 11, பக்கத்து வளவில் 14. ஒரு இடத்தை மட்டும் எண்ணினால் ஊரில் பத்து வளவு ஒரே எண்ணிக்கையில் இருக்கும். ஆனால் வேலியில் இருபது இடத்தைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றையும் எண்ணி வரிசையாக எழுதினால், அதே வரிசை இன்னொரு வளவுக்கு வருமா? அதோடு ஒவ்வொருவரிடமும் இரண்டு வேலி இருக்கிறது, தாய் தந்தது ஒன்று, தகப்பன் தந்தது ஒன்று. ஆகவே ஒரு இடத்துக்கு இரண்டு எண். இருபது இடத்துக்கு நாற்பது எண். டிஎன்ஏ அறிக்கை என்பது அடிப்படையில் இந்த எண்களின் அட்டவணைதான். அமெரிக்காவின் தேசியத் தரவுத்தளம் முன்பு 13 இடங்களைப் பார்த்தது. 2017 முதல் 20 இடங்களைப் பார்க்கிறது.

ஒரே கருவில் பிரிந்த இரட்டையருக்கு மட்டும் இந்த எண்கள் ஒன்றாகவே இருக்கும். மற்றபடி கூடப் பிறந்த அண்ணன் தம்பிக்கும் ஒன்றாக வராது. சில இடங்கள் பொருந்தும், சில பொருந்தாது.

பத்திரிகைகள் இதை மரபணுப் பரிசோதனை என்று எழுதுகின்றன. எண்ணிப் பார்க்கப்படும் இந்த இடங்கள் உண்மையில் மரபணுக்கள் அல்ல. மரபணுக்களுக்கு இடையிலும், மரபணுவுக்குள்ளேயே வேலையில்லாமலும் கிடக்கும் துண்டுகள் அவை. இதைச் சும்மா சொல்லவில்லை. "எச்சிலைக் கொடுத்தால் சாதியைக் கண்டுபிடித்து விடுவார்களோ?" என்று என்னிடம் ஒருவர் உண்மையான பயத்தோடு கேட்டிருக்கிறார். இல்லை. நிறம், நோய், சாதி, சமயம் ஒன்றும் அந்த அட்டவணையில் இல்லை. ஆணா பெண்ணா என்பது தெரியும். அதற்கென்று தனியாக ஒரு இடத்தைப் பார்ப்பார்கள். சாதி என்பது உடம்பில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை என்பதையும் சேர்த்தே அவருக்குச் சொன்னேன்.

எதில் இருந்து எடுக்கலாம்? இரத்தம், விந்து, எச்சில், வேரோடு பிடுங்கப்பட்ட முடி, பல், எலும்பு, தோல். இரத்தம் சிவப்பாக இருப்பதற்குக் காரணமான செங்குருதிக் கலத்துக்குக் கருவே கிடையாது. டிஎன்ஏ தருவது வெண்குருதிக் கலம்தான். வேரில்லாத முடித் துண்டில் கரு டிஎன்ஏ அநேகமாக இல்லை. துப்பிய வெற்றிலை, பாதி குடித்த பீடி, சோடாப் போத்தலின் வாய், கத்திப்பிடி, மண்வெட்டிப்பிடி எல்லாவற்றிலும் கலங்கள் ஒட்டியிருக்கக்கூடும். ஒரு கலத்தில் இருக்கும் டிஎன்ஏயின் நிறை ஆறு பிக்கோகிராம் மட்டில். பிக்கோகிராம் என்றால் ஒரு கிராமின் ஒரு இலட்சம் கோடியில் ஒரு பங்கு. ஆய்வுக்கு நூற்றைம்பது கலம் கிடைத்தாலே போதும், சில வேளை அதற்குக் குறைவாக இருந்தாலும் சமாளிக்கலாம். கிடைத்த கொஞ்சத்தை இரசாயன முறையில் திரும்பத் திரும்பப் படியெடுத்துப் பெருக்குகிறார்கள். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, முப்பது சுற்றில் நூறு கோடிக்கு மேல் போய்விடும். இந்த முறையைக் கண்டுபிடித்த கெரி முல்லிஸுக்கு 1993இல் நோபல் பரிசு கிடைத்தது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பெருக்கும் இயந்திரத்துக்கு ஆள் வித்தியாசம் தெரியாது. குற்றவாளியின் கலத்தையும் பெருக்கும், தடயத்தின் மேல் தும்மிய பொலிஸ்காரரின் கலத்தையும் பெருக்கும்.

முதலில் விடுவித்தது

1984 செப்டெம்பரில், இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் என்ற விஞ்ஞானி, ஆளை ஆள் பிரித்தறியக்கூடிய இந்த வித்தியாசத்தை முதன்முதலாகக் கண்டார். லெஸ்டருக்குப் பக்கத்தில் 1983இலும் 1986இலும் பதினைந்து வயதுப் பெண் பிள்ளைகள் இருவர் கொல்லப்பட்டிருந்தார்கள். பதினேழு வயதுப் பொடியன் ஒருவன் இரண்டாவது கொலையை நான்தான் செய்தேன் என்று பொலிஸிடம் ஒப்புக்கொண்டுவிட்டான். முதலாவதும் அவன் வேலைதான் என்று உறுதிப்படுத்தவே பொலிஸ் ஜெஃப்ரிஸிடம் போனது. இரண்டையும் செய்தது ஒரே ஆள், ஆனால் அது இந்தப் பொடியன் இல்லை என்று பதில் வந்தது.

அப்புறம் சுற்றுவட்டார ஆண்கள் ஐயாயிரம் பேர் மட்டில் மாதிரி எடுத்தார்கள். உண்மையான ஆள் தன் பெயரில் வேலைத்தள நண்பனை அனுப்பி இரத்தம் கொடுக்க வைத்துத் தப்பிவிட்டான். அந்த நண்பன் மதுக்கடையில் இதை உளறியது பிறகு வெளியே வந்தது. கொலின் பிச்ஃபோர்க் 1987இல் பிடிபட்டு, 1988 ஜனவரியில் ஆயுள் தண்டனை பெற்றான். ஐயாயிரம் பேரின் இரத்தத்தை விட ஒருவனின் வாய்தான் கடைசியில் உதவியது என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது அதன் தொடக்கம். டிஎன்ஏ குற்ற வழக்கொன்றுக்குள் வந்ததும் செய்த முதல் வேலை ஒரு அப்பாவியை வெளியே விட்டது.

இலங்கையில் எல்லோருக்கும் ஞாபகமிருக்கும் உதாரணம் 2015 செப்டெம்பரில் கொட்டதெனியாவவில் நடந்தது. இரவில் வீட்டில் நித்திரையாக இருந்த சின்னப் பிள்ளை ஒன்று தூக்கிச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டது. நாடே கொதித்தது. பதினேழு வயது மாணவன் ஒருவனும் இன்னொருவரும் கைதானார்கள். பொலிஸ் தன்னை அடித்துத் துன்புறுத்தியதாக மாணவன் பிறகு முறையிட்டான். டிஎன்ஏ இருவருக்கும் பொருந்தவில்லை, இருவரும் விடுவிக்கப்பட்டார்கள். அப்புறம் இன்னொருவர் பிடிபட்டார். நான்தான் செய்தேன் என்று அவர் ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்தது, சனம் நிம்மதியாகியது. அவருடைய டிஎன்ஏயும் பொருந்தவில்லை. பொருந்தியது அவருடைய சகோதரனுக்கு. 2016 மார்ச்சில் நீர்கொழும்பு மேல் நீதிமன்றம் அந்தச் சகோதரனுக்குத் தண்டனை விதித்தது. அந்தப் பரிசோதனை இல்லாமல் இருந்திருந்தால் மூன்று அப்பாவிகளில் யாராவது ஒருவர் இன்றைக்கு உள்ளே இருந்திருப்பார்.

வன்னியில் இருந்து எழுதும்போது இதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. எங்கள் சாட்சியக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டுக்குரியது. அதன் 25ஆம் பிரிவு, பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு, எதிராக நிரூபிக்க முடியாது என்கிறது. ஏன் என்று விளக்கத் தேவையில்லை. ஆனால் 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திலோ அதற்கு மேலேயோ உள்ளவரிடம் கொடுத்த ஒப்புதலை ஏற்க இடம் கொடுத்தது. அது பலாத்காரத்தில் வாங்கியது என்று நிரூபிக்கும் சுமையை எதிரியின் தலையிலேயே வைத்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் அந்த ஒரு தாளில் வைத்த கையெழுத்தால் வருடக்கணக்கில் உள்ளே இருந்தார்கள் என்பது இங்குள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும். வாயில் இருந்து பிடுங்கிய சொல்லை நம்பி விசாரணை நடக்கும் இடத்தில், அடித்தாலும் மாறாத ஒரு சாட்சி இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்! அமெரிக்காவில் தண்டனை பெற்ற பிறகு டிஎன்ஏயால் குற்றமற்றவர் என்று தெரியவந்தோர் 375 பேருக்கு மேல். அவர்களில் நான்கில் ஒருவருக்கு மேற்பட்டோர், செய்யாத குற்றத்தைச் செய்ததாக ஒப்புக்கொண்டவர்கள்.

பொருந்தினால் என்ன அர்த்தம்

"பொருந்தவில்லை" என்பதுதான் டிஎன்ஏ சொல்லும் மிகப் பலமான வார்த்தை. சரியாக எடுத்த தடயத்தில், கலப்பில்லாத மாதிரியில், எண்கள் வேறாக இருந்தால் அது அவர் இல்லை. "பொருந்துகிறது" என்பது அப்படி இல்லை. அதற்குப் பிறகுதான் கேள்விகளே தொடங்குகின்றன.

கத்திப்பிடியில் இருந்த டிஎன்ஏ உங்களுடையது என்று அறிக்கை வருகிறது. சரி. அந்தக் கத்தி உங்கள் வீட்டுக் குசினிக் கத்தியாக இருந்தால்? போன கிழமை தேங்காய் உரிக்க இரவல் கொடுத்திருந்தால்? டிஎன்ஏ யாருடையது என்று சொல்லும். எப்போது அங்கே வந்தது, எப்படி வந்தது, எதற்காக வந்தது என்று சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது மற்றச் சாட்சிகள்.

2012இல் கலிபோர்னியாவில் ஒரு பணக்காரர் வீட்டில் வைத்துக் கொல்லப்பட்டார். அவருடைய நகத்தடியில் முன்பின் தெரியாத ஒருவரின் டிஎன்ஏ கிடைத்தது. அந்த ஆளைப் பிடித்து மாதக்கணக்கில் உள்ளே வைத்திருந்தார்கள். கொலை நடந்த இரவு அவர் வெறியில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததற்குப் பதிவு இருந்தது! விசாரித்துப் பார்த்தால், அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிய அதே அம்புலன்ஸ் ஊழியர்கள்தான் சில மணித்தியாலம் கழித்துக் கொலை நடந்த வீட்டுக்கும் போயிருக்கிறார்கள். அவர்களோடு அவருடைய கலங்களும் போயிருக்கின்றன. 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் வருகிற அம்புலன்ஸ் ஒன்று ஒரே இரவில் எத்தனை வீட்டுப் படலைக்கு வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றும் தெரியாத ஒருவரின் டிஎன்ஏ இன்னோர் ஊருக்குப் பயணம் போவதற்கு வேறு வாகனம் தேவையில்லை.

ஜேர்மனியில் இதை விட மோசமாக நடந்தது. ஹைல்புரோன் நகரில் 2007இல் ஒரு பெண் பொலிஸ் கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த ஒரு பெண்ணின் டிஎன்ஏ, அதற்கு முன்னும் பின்னும் பல நகரங்களில், மூன்று நாடுகளில் நடந்த குற்றங்களிலும் கிடைத்துக்கொண்டே இருந்தது. கொலை, களவு, எல்லாவற்றிலும் அதே பெண். வருடக்கணக்கில் தேடினார்கள். 2009இல்தான் தெரிந்தது, அப்படி ஒரு கொலைகாரி இல்லவே இல்லை. தடயம் எடுக்கப் பயன்படுத்திய பஞ்சுக் குச்சிகள் செய்த தொழிற்சாலையில் பொதி கட்டிய ஊழியரின் டிஎன்ஏ அது. குச்சிகளில் கிருமி நீக்கியிருந்தார்கள். ஆனால் கிருமி செத்தாலும் டிஎன்ஏ போகாது.

அப்புறம் எண் விளையாட்டு. பழுதான தடயத்தில் இருபது இடமும் வாசிக்க வராது. ஆறேழு இடம்தான் வரும். அப்போது அறிக்கை, "தற்செயலாக இன்னொருவருக்குப் பொருந்தும் வாய்ப்பு பத்து இலட்சத்தில் ஒன்று" என்று சொல்கிறது என்று வைப்போம். அரச தரப்பு எழும்பி, "ஆகவே எதிரி நிரபராதியாக இருக்கும் வாய்ப்பு பத்து இலட்சத்தில் ஒன்று" என்றால், கேட்பவர் எல்லோரும் தலையாட்டி விடுவார்கள். அது பிழை. இலங்கையில் இரண்டு கோடிக்கு மேல் சனம். பத்து இலட்சத்துக்கு ஒருவர் என்றால் இந்த அட்டவணை பொருந்தக்கூடியவர்கள் இருபது பேருக்கு மேல் இருப்பார்கள். எதிரி அந்த இருபது பேரில் ஒருவர், அவ்வளவுதான். அவர் அன்றைக்கு அந்த ஊரில் இருந்தாரா, அவருக்குப் பகை இருந்ததா, அவரைக் கண்டவர் உண்டா என்று பார்த்தால்தான் இருபது ஒன்றாகச் சுருங்கும். முழு அட்டவணையும் கிடைத்தால் எண் கோடிக்கணக்கான கோடிக்குப் போய்விடும், இந்தச் சிக்கல் வராது. ஆனால் எங்கள் வெயிலில் கிடந்த தடயத்தில் முழு அட்டவணை எல்லா நேரமும் கிடைக்குமா? எதிரிக்காக ஆஜராகும் ஒவ்வொரு சட்டத்தரணியும் அறிக்கையின் கடைசி வரியைப் பார்க்க முன், எத்தனை இடம் வாசிக்கப்பட்டது என்ற பகுதியைப் பார்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

கடதாசிப் பை

ஒழுங்கைக்கு வருகிறேன். அன்று என்ன செய்திருக்க வேண்டும்?

திண்ணையைக் கழுவாமல் விட்டிருக்க வேண்டும். ஆட்களையும் நாயையும் கோழியையும் அந்தப் பக்கம் போகவிடாமல் ஒரு கயிறு கட்டியிருக்க வேண்டும். பொலிஸ் நிலையத்துக்குச் சொல்லி, குற்றம் நடந்த இடத்தில் தடயம் எடுக்கும் சொகோ பொலிஸார் வரும்வரை சாரத்தை வேலியடியிலேயே விட்டிருக்க வேண்டும். மழை வருகிறது, எடுத்தே ஆக வேண்டும் என்றால், கையில் ஒரு சுத்தமான உறையை மாட்டிக்கொண்டு எடுத்து, நிழலில் காற்றாட உலரவிட்டுக் கடதாசிப் பையில் போட வேண்டும். எந்த இடத்தில் எப்படிக் கிடந்தது என்று எடுக்க முன் கைத்தொலைபேசியில் ஒரு படம். சேட்டுக்கு ஒரு பை, சாரத்துக்கு வேறொரு பை. ஒன்றாகச் சுருட்டியதில் காயப்பட்டவரின் இரத்தம் மற்றவருடைய சாரத்திலும் ஏறிவிட்டது. அது வெட்டும்போது பட்டதா, பைக்குள் பட்டதா என்று இனி எந்த விஞ்ஞானியாலும் சொல்ல முடியாது.

ஏன் கடதாசி? டிஎன்ஏக்கு எதிரி ஈரமும் சூடும். ஈரம் இருந்தால் பற்றீரியாவும் பூஞ்சணமும் பெருகி டிஎன்ஏயைத் தின்றுவிடும். சொப்பின் பை ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும்; கடதாசி ஈரத்தை வெளியே விடும். உலர்ந்த இரத்தக் கறையில் வருடங்கள் கழிந்தும் டிஎன்ஏ எடுக்கலாம், ஈரத்தில் சில நாளிலேயே போய்விடும். வெயிலில் காயப் போடவும் கூடாது. சூரிய ஒளியும் அதை வெட்டித் துண்டாக்கிவிடும்.

பாலியல் வன்முறை என்றால் இது இன்னும் அவசரம். ஒரு பெண்ணோ பிள்ளையோ இப்படிப் பாதிக்கப்பட்டால் வீட்டில் முதலில் செய்வது குளிக்க வைப்பதும் உடுப்பைத் தோய்ப்பதும்தான். அன்பால்தான் செய்கிறார்கள். ஆனால் தண்ணீரோடு போவது சாட்சி. குளிக்க முன், உடுப்பு மாற்ற முன், முடிந்தால் சலம் கழிக்க முன்பே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். உடுப்பு மாற்றியிருந்தால் பழையதைத் தோய்க்காமல் கடதாசிப் பையில் கொண்டு போங்கள். சட்ட வைத்திய அதிகாரி பஞ்சுக் குச்சியால் மாதிரிகள் எடுப்பார். பொதுவாக முதல் 72 மணித்தியாலத்துக்குள் போனால்தான் பலன் அதிகம். அதற்குப் பிறகும் போகலாம், போக வேண்டும். காயங்களைப் பதியவும் மருந்துக்கும் துணைக்கும். குளித்துவிட்டேன், இனிப் போய்ப் பிரயோசனம் இல்லை என்று யாரும் வீட்டில் இருந்துவிடக் கூடாது.

அங்கிருந்து அந்தப் பைகளுக்கு நீண்ட பயணம். சந்தேகநபரின் மாதிரி நீதவானின் உத்தரவோடு எடுக்கப்பட்டு, தடயத்தோடு ஒப்பிடுவதற்குக் கொழும்புப் பக்கம் போக வேண்டும். பத்தரமுல்லை பெலவத்தையில் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம் இருக்கிறது; கொழும்பில் ஜின்டெக் என்ற தனியார் ஆய்வுகூடமும் பல வழக்குகளுக்கு இதைச் செய்திருக்கிறது. முல்லைத்தீவில் இருந்து முந்நூறு கிலோமீற்றர் மட்டில். இந்தப் பயணத்தில் அது யார் யார் கையில் இருந்தது, எத்தனை மணிக்கு யார் யாரிடம் கொடுத்தார், முத்திரை உடையாமல் இருந்ததா என்று ஒவ்வொன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு கண்ணி அறுந்தால் போதும். "அந்த இரண்டு நாள் இந்தப் பொதி எங்கே இருந்தது?" என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்கும்போது பொலிஸ் சாட்சி விழித்தால், உலகத்தின் சிறந்த ஆய்வுகூட அறிக்கையும் அங்கே செல்லாக்காசுதான். ஆய்வு செய்தவர் நிபுணராக வந்து சாட்சி சொல்வது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவின் கீழ். அது அபிப்பிராயம், தீர்ப்பு நீதிமன்றத்தினுடையது.

எலும்புகள்

கொக்குத்தொடுவாயில் 2023 ஜூன் மாத முடிவில், தண்ணீர்க் குழாய் பதிக்க வெட்டிய கிடங்கில் எலும்புகள் வெளிவந்தன. முல்லைத்தீவு நீதிமன்றத்தின் மேற்பார்வையில் மூன்று கட்டமாக, 2024 ஜூலை வரை தோண்டினார்கள். 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. உடுப்பும் கூட இருந்த பொருட்களும் அவர்கள் யாராக இருக்கலாம் என்று ஓரளவு சொல்லும். பெயரைச் சொல்வது டிஎன்ஏ மட்டும்தான், அதுவும் ஒப்பிட ஆள் இருந்தால்.

இங்கே சனம் அடிக்கடி குழம்பும் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். மன்னார் சதொச வளவுப் புதைகுழியில் 2018 முதல் முந்நூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அனுப்பிய எலும்பு மாதிரிகள் 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை என்று 2019 மார்ச்சில் அறிக்கை வந்தது. அந்த முடிவைக் குடும்பங்களில் பலர் ஏற்கவில்லை. "டிஎன்ஏ செய்து பழசு என்று சொல்லிப்போட்டாங்கள்" என்று இப்போதும் இங்கே சிலர் சொல்வார்கள். அது டிஎன்ஏ இல்லை, கார்பன் பரிசோதனை. கார்பன் சொல்வது எந்தக் காலத்து எலும்பு என்பதை. டிஎன்ஏ சொல்வது யாருடைய எலும்பு என்பதை. ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது.

எலும்பில் இருந்து டிஎன்ஏ எடுப்பது இரத்தத்தில் இருந்து எடுப்பதைப் போல் இலகு அல்ல. தொடை எலும்பு, பல், உட்காதைச் சூழ்ந்துள்ள கெட்டி எலும்பு ஆகியவற்றில் நிலைத்து நிற்கும் வாய்ப்பு அதிகம். சூடும் ஈரமும் மாறி மாறி வரும் எங்கள் மண் அதற்கு நல்லதல்ல. எரிந்த எலும்பில் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. கரு டிஎன்ஏ அழிந்து போனாலும் இன்னொரு வழி உண்டு. கலத்துக்குள் கருவுக்கு வெளியே இழைமணி என்ற சின்ன உறுப்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றுக்கு என்று தனி டிஎன்ஏ உண்டு. எண்ணிக்கையில் அதிகம் என்பதால் பழைய எலும்பிலும் மிஞ்சுகிறது. அது தாயிடமிருந்து மட்டும் வருகிறது. தாய்க்கும் அவளுடைய எல்லாப் பிள்ளைகளுக்கும், தாயின் சகோதரிகளுக்கும், அவர்களுடைய பிள்ளைகளுக்கும் அநேகமாக ஒரே மாதிரி இருக்கும். ஆகவே அது ஒரு ஆளைத் தனியாகச் சுட்டாது, ஒரு தாய்வழியைச் சுட்டும்.

ஆர்ஜென்ரீனாவில் இராணுவ ஆட்சி பிள்ளைகளைக் கடத்திக் காணாமலாக்கியபோது, சிறையில் பிறந்த பேரப்பிள்ளைகளை யார் யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். பிள்ளையும் இல்லை, மருமகனும் இல்லை. பாட்டியின் இரத்தத்தை மட்டும் வைத்துப் பேரனைக் கண்டுபிடிக்க முடியுமா என்று பாட்டிமார் விஞ்ஞானிகளிடம் போய்க் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் இருந்துதான் அதற்கான முறையே வளர்ந்தது. 1987இல் தேசிய மரபணு வங்கி சட்டமாக வந்தது. இதுவரை 130க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் அடையாளம் காணப்பட்டிருக்கிறார்கள். பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் 1995இல் கொல்லப்பட்ட ஏறத்தாழ எண்ணாயிரம் பேரில் பெரும்பாலானோருக்கு, குடும்பங்கள் கொடுத்த இரத்த மாதிரியோடு ஒப்பிட்டுப் பெயர் கொடுத்துவிட்டார்கள். இரண்டு இடத்திலும் ஒப்பிடுவதற்கு உறவுகளின் மாதிரி சேகரிப்பில் இருந்தது. இங்கே 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் காணாமல் போனோர் பற்றிய அலுவலகம் உருவானது. எனக்கு அலுவலகத்தின் பெயர்ப்பலகையை விட, தாய்மாரின் மாதிரி ஒரு வங்கியில் பத்திரமாக இருக்கிறதா என்பதுதான் பெரிய கேள்வி.

ஏனென்றால் அவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில், படத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்த பலர் இன்று உயிரோடு இல்லை. மாதிரி எடுப்பது ஒரு நிமிட வேலை. கன்னத்தின் உட்பக்கத்தில் பஞ்சுக் குச்சியை வைத்து மெல்ல உருட்டி எடுப்பார்கள், நோகாது. அல்லது விரல் நுனியில் ஒரு துளி இரத்தம், அதற்கென்று செய்த அட்டையில். உலர்ந்த பிறகு அந்த அட்டை குளிர்ப்பெட்டி இல்லாமலே பல வருடம் இருக்கும்.

அங்கே ஒரு அம்மா என்னிடம் கேட்டார், "நான் செத்துப் போனால் பிறகு பெடியன்ர எலும்பு வந்து என்ன, ஆரோடை வைச்சுப் பார்க்கிறது?" அவருக்கு இரண்டு மகள்மார், ஒருத்தி பரந்தனில், மற்றவள் கனடாவில். மன்னாரில் ஒரு தங்கச்சி. தங்கச்சியிடமும் மகள்மாரிடமும் எடுக்கலாம், அம்மா, தாய்வழி அவர்களிடமும் இருக்கிறது என்றேன். ஆனால் உங்களுடையதுதான் எல்லாவற்றிலும் நல்லது. பெடியனின் ஒவ்வொரு இடத்திலும் ஒரு எண் நீங்கள் கொடுத்தது. அவர் தன் உள்ளங்கையைத் திருப்பி விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "எங்க போய்க் குடுக்கிறது?" என்று கேட்டார்.